முதல் பக்கம் அக்காவின் கேமராப் பெட்டி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் எங்கள் பத்திரிகையின் முன்னாள் ஆசிரியர் ஐயா அவர்களே, இன்றைய ஆசிரியர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் கணக்கு வாத்தியார் அவர்களே, கையில் மை காயாமல் அச்சுக்கூடத்திலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே, மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலிகளில் சிரமப்பட்டு வந்து சேர்ந்திருக்கும் அன்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எங்கள் தலைமைப் புகைப்படக்காரர், நாங்கள் எல்லோரும் ‘முதல் பக்கம் அக்கா’ என்று அழைத்த அந்தப் பெருமாட்டி, நம்மை விட்டுப் போய் இன்றோடு மூன்று வாரம். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தாய் என்றார்கள், தமக்கை என்றார்கள், வழிகாட்டி என்றார்கள். எல்லாம் உண்மை. அவரோடு இருபத்தாறு வருடம் ஒரே அறையில், ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் வேலை பார்த்தவன் நான். நான் என்ன சொல்வது? நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைத்தான் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருடமும் பொறாமைப்பட்டேன். ஓய்வு பெற்ற பிறகும் பொறாமைப்பட்டேன். இதோ சுவரில் மாட்டியிருக்கும் அவருடைய படத்தைப் பார்த்ததும், இதை யார் எடுத்தது, நம்மைக் கேட்கவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறேன். உங்கள் முன்னால்தான் நிற்கிறேன்.

அந்தப் பட்டப்பெயரை அவருக்கு வைத்தது யார் தெரியுமா? நான்தான். பாசத்தில் வைத்ததில்லை. ஒரு நீச்சல் போட்டிக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். நான் ஜெயித்தவனை எடுத்தேன், தண்ணீர் தெறிக்க, கை உயர்த்தி, பல் தெரிய. நடுவர்கள் நாற்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் ஒருவன் மட்டும் குளத்தில் தனியாக நீந்தி வந்துகொண்டிருந்தான். அக்கா அவனை எடுத்தார். மறுநாள் என் படம் ஏழாம் பக்கம். அவர் படம் முதல் பக்கம். ‘வாங்க முதல் பக்கம்’ என்று குத்தலாக வரவேற்றேன். அவர் கலகலவென்று சிரித்துவிட்டார். மாலைக்குள் அலுவலகம் முழுக்க அதே பெயர். நான் எறிந்த கல் அவர் தோளில் பொன்னாடையாக விழுந்தது. எரியாதா வயிறு?

அந்தப் பெட்டிக்கு வருகிறேன். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு பழைய ஸ்டூடியோவை மூடிக்கொண்டிருந்தார்கள். அதன் கண்ணாடி அலமாரியில் ஒரு தோல் பெட்டி இருந்தது. தவிட்டு நிறம், நான்கு மூலையிலும் பித்தளைக் காப்பு, உள்ளே சிவப்பு வெல்வெட்டில் கேமராவுக்கும் லென்சுகளுக்கும் தனித்தனிக் குழிகள். அதை முதலில் பார்த்தவன் நான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலை அது அக்காவின் மேசையில் இருந்தது. ‘நல்லாருக்கா நெட்டை?’ என்று கேட்டார். என் உயரத்துக்கு அவர் வைத்த பெயர் அது. நன்றாக இருக்கிறது என்றேன். அந்த நிமிடம் தொடங்கியது என் வியாதி.

தூக்கினால் தோள்பட்டை இறங்கிவிடும் பெட்டி. ‘உள்ளே என்னக்கா, அம்மிக்கல்லா?’ என்று ஜீப் ஓட்டுநர் தினமும் கேட்பார். டிஜிட்டல் கேமரா வந்து, படம் கழுவும் இருட்டறைக்குப் பூட்டுப் போட்ட வருடம், அந்தப் பெட்டியும் கண்ணில் படாமல் போய்விட்டது. யாருக்காவது கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். என்னைக் கேட்காமல் கொடுத்தாரே என்று அதற்கும் ஒரு கோபம்.

பத்து நாள் முன்பு அக்காவின் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அலமாரிக்கு மேலே, பழைய போர்வைகளுக்குப் பின்னால், ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது, பூட்டு திறக்கவில்லை, மாமா வந்து பார்க்க முடியுமா என்றாள். போனேன். சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து அதை வைத்திருந்தார்கள். தோல் வெடித்திருந்தது, பித்தளை கறுத்திருந்தது. அக்காவின் கணவர், நம் கணக்கு வாத்தியார், ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இடது பூட்டை உள்ளே அழுத்திக்கொண்டு வலது பூட்டைத் தூக்க வேண்டும். திறந்தேன். எப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். அடுத்தவர் பெட்டியை அத்தனை வருடம் வெறித்துப் பார்த்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

உள்ளே கேமரா இல்லை. ஒரு லென்ஸ், துடைக்கும் துணி, காலிப் பிலிம் டப்பாக்கள், ஒரு நோட்டுப் புத்தகம். மூடியின் உள்பையில் ஒரு பழுப்பு உறை. உறைமேல் பென்சிலில் ‘நெட்டை’ என்று எழுதியிருந்தது.

அதற்குள் என் படங்கள். பத்திரிகையிலிருந்து கத்தரித்து எடுத்த பத்தொன்பது படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தாள் ஒட்டி, அதில் அக்காவின் பொடி எழுத்து. ஒன்றில், ‘வெயிலுக்கு நேராக நின்று எடுத்திருக்கிறான். எனக்கு இந்தத் துணிச்சல் இல்லை.’ இன்னொன்றில், ‘எரிச்சலாக வருகிறது. எப்படி இவ்வளவு கிட்டே போனான்?’ மற்றொன்றில், ‘நானும் அங்கேதான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லையே.’

அவையோரே, அக்கா என்மேல் பொறாமைப்பட்டிருக்கிறார். என்மேல்! ஒரு நிமிடம் என் நெஞ்சு விம்மியது. அந்த வீட்டில், அந்தத் துக்கத்தில், எனக்குச் சிரிப்பு முட்டியது. பிறகு கடைசிப் படத்தைத் திருப்பினேன். ‘இது நான் எடுத்திருக்க வேண்டிய படம்’ என்று எழுதியிருந்தது. எனக்குக் கை வியர்த்துவிட்டது.

அந்தப் படம் உங்களில் பலருக்குத் தெரியும். கல்குவாரி சரிந்து பதினான்கு பேர் உள்ளே மாட்டிக்கொண்ட சமயம். இரண்டாம் நாள் பகலில் ஒருவரை உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள், ஆள் அடையாளம் தெரியவில்லை. ஒரு பெண் ஓடிவந்து தன் சேலைத் தலைப்பால் அந்த முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, அது தன் கணவன் முகம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் கை நிற்கவில்லை. கண், மூக்கு, உதடு என்று முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அந்தக் கையை நான் எடுத்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே விருது அந்தப் படத்துக்குத்தான். நான் முதல் பக்கத்தில் வந்த நாள் அது.

அந்த இடத்துக்கு என்னை யாரும் அனுப்பவில்லை.

ஆசிரியர் ஐயா அவர்களே, நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ‘அக்காகிட்ட குடுத்துடு, உடனே கிளம்பச் சொல்லு’ என்று என் கையில் கொடுத்தீர்கள். அக்கா இருட்டறையில் இருந்தார். வெளியே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கதவு முன்னால் நின்றேன். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது, அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. தட்டக் கையைத் தூக்கினேன். தட்டவில்லை. சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

மறுநாள் நீங்கள் அவரை எல்லோர் முன்பும் நிறுத்தி, கூப்பிட்டால் போகமாட்டீர்களா என்று கேட்டீர்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். என் பக்கம் திரும்பினீர்கள். கதவைத் தட்டினேன், பதில் இல்லை என்றேன். அக்கா என்னைப் பார்த்தார். ‘தண்ணி சத்தத்துல கேக்காம போயிருக்கும் சார், என் தப்புதான்’ என்றார். மூன்று மாதம் அவரைக் கேமராவைத் தொடவிடாமல் பழைய படங்களை அடுக்கும் அறையில் உட்கார வைத்தீர்கள். அந்த மூன்று மாதமும் முதல் பக்கம் எனக்கு. ஐயா, நான் கதவைத் தட்டவில்லை. நீங்கள் தண்டித்தது தப்பான ஆளை.

அதனால்தான் அந்த வரியைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. அக்காவுக்குத் தெரிந்துவிட்டதா? இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேவா என்னோடு பேசிச் சிரித்தார்? வாத்தியாரிடம் அந்தத் தாளை நீட்டி, இது எதனால் எழுதியது என்று கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“இதுவா? அன்னிக்கு அவ சரியா சாப்பிடக்கூட இல்லீங்க. பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் போயிருந்தா வெளிய வந்த ஆளைத்தான் எடுத்திருப்பேன், அந்தப் பொண்ணோட கை என் கண்ணுல பட்டிருக்காது, நெட்டை பாத்துட்டான்னு சொன்னா. அவளுக்கு உங்க மேல ரொம்பப் பொறாமை.”

தெரியாது. கடைசிவரை தெரியாது. நான் அவரை ஏமாற்றி எடுத்த படத்தைக் கத்தரித்து, அதிலிருந்தும் பாடம் படித்திருக்கிறார். அங்கேயே வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, கதவு, பொய், எல்லாம். மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வாத்தியார் படங்களை வரிசை மாறாமல் உறைக்குள் வைத்தார். பிறகு கேட்டார்.

“கூட்டத்துல நீங்க பேசறீங்கதானே?”

ஆமாம் என்றேன்.

“அப்ப அங்க சொல்லுங்க. அவளை நிக்கவெச்சுக் கேட்டது எல்லார் முன்னாலயும்தான்.”

சொல்லிவிட்டேன். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இன்றைய ஆசிரியர் அவர்களே, நான் இங்கே சொன்னதை நம் பத்திரிகையிலேயே வெளியிடுங்கள். எந்தப் பக்கத்தில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொறாமை அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. அவர் அதை எழுதிவைத்தார், படித்தார், அடுத்த நாள் இன்னும் நல்ல படம் எடுத்தார். நான் என்ன செய்தேன்? பொறாமைப்படுவதில்கூட அவர் என்னை முந்திவிட்டார். இதற்காகவும் பொறாமையாக இருக்கிறது. இந்த வயதில், இந்தச் சபையில், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி அவருடைய தொண்டு. ஓய்வுக்குப் பிறகு அக்கா என்ன செய்தார் என்பது இந்தச் சக்கர நாற்காலிகளில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களிடம் போய், ‘என்ன பாக்கணும்?’ என்று கேட்பார். அவர்கள் சொல்வதைப் போய் எடுத்துவந்து கொடுப்பார். ஒருவருக்கு அவர் ஓட்டிய பேருந்து. ஒருவருக்கு மகள் படிக்கும் பள்ளியின் வாசல். ஒருவருக்கு வீட்டு மாடியில் துணி காய்வது. யாருக்காவது தோன்றியிருக்குமா இப்படி ஒரு வேலை? கடைசி நாட்களில் அந்தப் பெட்டிக்குள் அவர் வைத்த நோட்டுப் புத்தகத்தில் இருப்பது இந்தப் பட்டியல்தான். முடித்தவற்றை அடித்திருக்கிறார். அடிக்காமல் பதினொன்று பாக்கி. பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் சொன்னார். எனக்கு அந்தத் தகுதி இல்லை, நோட்டை மட்டும் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன்.

முந்தாநாள் முதல் படத்தை எடுத்தேன். கேட்டவர், இரண்டு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கும் ஒரு தையல்காரம்மா. இந்தக் கூட்டத்துக்கு வர முடியவில்லை. அவர் இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்த வீட்டு வாசல் கதவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். போனேன், நல்ல வெளிச்சம், பச்சைக் கதவு பளிச்சென்று விழுந்தது. நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கதவு சாத்தியிருக்கு. அக்காவா இருந்தா யாராச்சும் தொறக்கற வரைக்கும் நின்னிருப்பாங்க. உள்ள என் மிஷின் போட்டிருந்த ஜன்னல் தெரியும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நியாயம். படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அக்காவின் பணியைத் தொடர்வேன் என்று பெரிய வார்த்தைகளில் சத்தியம் செய்ய எனக்கு வரவில்லை. என் சொல்லுக்கு என்ன விலை என்பது இப்போது உங்களுக்கே தெரியும். நாளைக் காலை அந்தத் தெருவுக்கு மறுபடியும் போகிறேன். எதிர்ச் சுவரோரம் நிற்பேன். அந்தக் கதவு திறக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.

விடைபெறுகிறேன்.