அந்த மூடியத் தொறக்காதீங்க

ஏன் மேஸ்திரி, அந்த மூடி எதுக்கு? அதுல ஒண்ணும் இல்ல. பொறி குடுக்கற மேக்னெட்டு இந்தப் பக்கம் இருக்குது, இத மொதல்ல பாருங்க. நான் ஒக்காந்துனு இருக்கறது எடஞ்சலா? இருந்தாலும் போவ மாட்டேன். மொதலாளி தாலுக்கா ஆபீசுலேர்ந்து வர்ற வரைக்கும் இங்கதான். திண்டிவனத்துலேர்ந்து உங்கள வரவழைச்சாரே, டைமிங் வெக்க மட்டுமா, இல்ல டிரைவரு கலியபெருமாள் நான் இன்னா பண்ணேன்னு துப்பு பாக்கவுமா? இல்லியா. செரி. ஆமான்னா சொல்லப் போறீங்க.

கையா? வந்ததுலேர்ந்து இதத்தான பாத்துகினு இருக்கீங்க, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? வண்டியக் கெளப்பச் சுத்துறப்ப ஹேண்டில் அடிச்சுது. இன்னியோட பதினெட்டு நாளு. மூங்கில் பத்தை வெச்சுக் கட்டியிருக்காரு வைத்தியரு. இன்னும் ரெண்டு மாசம் சோத்தக் கூட எடக்கையாலதான்.

இது பழைய டிராக்டரு. ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்சப்ப கப்பல்ல வந்தது. பெட்ரோல்ல கெளப்பி, சூடானதும் சீமெண்ணெய்க்கு மாத்தணும். உங்களுக்குத் தெரியாததா. நெருப்பு சமயம் பாத்துப் பத்துனா மாடு மாதிரி சொன்ன பேச்சு கேக்கும். கொஞ்சம் முந்திப் பத்துச்சு, அவ்ளோதான், நாம சுத்துற ஹேண்டில எதிர்ப்பக்கமா ஒதறிடும். பத்து வருஷமா இத ஓட்டறேன், ஒரு தடவ அடிச்சதில்ல. அன்னிக்கு மட்டும் அடிச்சுதுன்னா? யாரோ கை வெச்சிருக்கான்னுதான அர்த்தம்?

யாருன்னா, பச்சமுத்து. ரெண்டாவது டிரைவரு. வல்லம் பக்கத்து நெலத்துக்கெல்லாம் அவன்தான் போவான். கை முறியறதுக்கு மொத நாளு சாயந்தரம் இந்தக் கொட்டாயிலேர்ந்து கையில ஸ்பேனரோட வெளிய வந்தான், எங்கண்ணால பாத்தேன். இன்னாடான்னேன். டூல் பொட்டியிலேர்ந்து எடுக்க வந்தேன்னான். என் எடத்து மேல அவனுக்கு ரொம்ப நாளா கண்ணு. கை முறிஞ்சு கீழ கெடக்கறேன், மொதலாளி கேக்கறாரு, யாரு தொட்டதுன்னு. பச்சமுத்துன்னு சொல்லிட்டேன்.

மறுத்தான். அழுதான். அஞ்சாம் நாளு அம்மன் கோயில்ல ஊரே பாக்க கற்பூரம் கொளுத்தி, கையால அடிச்சு அணைச்சு, நான் தொட்டிருந்தா எம் புள்ளைங்க வெளங்கக் கூடாதுன்னான். உள்ளங்கை பொசுங்கிப் போச்சு. ஆனா மொதலாளி லூர்துநாதன் வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. கற்பூரமெல்லாம் அவருகிட்ட செல்லாது. மறுநாளே நிறுத்திட்டாரு. இப்ப ராஜகிரி மலையடியில கல்லு உடைக்கறான். மல்லாட்டக் கடல வெதைக்கற நேரம், இங்க வண்டி ஓட்ட ஆளில்ல.

ஓ, மேக்னெட்டு பாயிண்ட்டுக்கு நடுவுல தாளு வெச்சுப் பாக்கறீங்களா? தாளு வழுக்கிகினு வர்றப்ப பாயிண்ட்டு தொறக்குது, அப்பத்தான் பொறி, கரெக்டு. நானும் அப்டித்தான் வெச்சுப் பாத்தேன்.

எப்பவா? எப்ப... எப்பவோ. பத்து வருஷத்துல ஒரு தடவ பாத்திருக்க மாட்டனா? மேக்னெட்டத் தொட்டதே இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? சொன்னனா? மொதலாளிகிட்ட சொன்னது உங்களுக்கு எப்டித் தெரியும்? பாத்தீங்களா, அப்ப பேசிகினு வந்திருக்கீங்க ரெண்டு பேரும். எனக்கு அப்பவே சந்தேகம்.

வேணாம் மேஸ்திரி. அந்த மூடிய உடுங்க. சக்கரத்துல இருக்கற குறிய பாக்காம டைமிங் வெக்க முடியாதா? காதால கேட்டு வெக்கறவங்க எத்தினி பேரு இருக்காங்க.

தொறந்துட்டீங்க.

ம். ரெண்டு குறிதான். வெட்டுன மாதிரி கோடு இருக்குதே, அது கம்பெனிக்காரன் போட்டது. அதுக்கு ரெண்டு வெரக்கடை முந்தி வெள்ளையா, உருண்டையா இருக்கறது பொட்டு. நான் வெச்சது. போன வருஷம் ஆயுத பூஜையில. மொதலாளி மாதா படம் ஒட்டின வண்டி, குங்குமம் வெச்சா கோச்சுப்பாரு. அதுக்காவ பொட்டில்லாத வண்டியில எப்டி ஏறி ஒக்கார்றது? அவரு கண்ணுல படாத எடமா, இந்தச் சக்கரத்துல, அழியக் கூடாதுன்னு ஜன்னலுக்கு அடிச்ச பெயிண்ட்டத் தொட்டு வெச்சு, மேல குங்குமம் வெச்சேன். குங்குமம் உதிர்ந்துடுச்சு. பெயிண்ட்டு நிக்குது.

கை முறியறதுக்கு மொத நாளு வண்டி இருமிகினே இருந்துது. மேக்னெட்டக் கழட்டாதன்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. கழட்டுனேன். தொடைச்சு மாட்டி, இந்த ஓட்டையில வெள்ளையா எது தெரிஞ்சுதோ அதுக்கு டைமிங் வெச்சேன். பொழுது சாயற நேரம், கோடு தெரியல. பொட்டு வெச்சதே மறந்து போச்சு, அதான் நெருப்பு முந்திப் பத்திடுச்சு.

எனக்கா? மூணாம் நாளே தெரியும். கட்டோட வந்து தொறந்து பாத்தேன். அவன் கற்பூரம் அடிச்சப்ப நான் முன் வரிசையில நின்னுகினு இருந்தேன்.

துணிய எடுக்காதீங்க. எனக்காவ அந்தப் பொட்டத் தொடைக்கறீங்களா? தொடைச்சுட்டு, திண்டிவனம் பஸ்ஸு ஏறறதுக்குள்ள பஜாரு பூரா சொல்ல மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்? உங்க மூஞ்சி மேல எனக்கு நம்பிக்கையே வர்ல. அதுக்கு நானே சொல்லிட்டுப் போறேன், மொதலாளிகிட்டயும், கோயில் வாசல்லயும்.

நீங்க கோட்டுக்கே டைமிங் வெய்ங்க. ஹேண்டில் மட்டும் போடாதீங்க. பச்சமுத்து வந்து போடட்டும். மலையடிக்குப் போயி நானே கூப்புடறேன். அவன் அடிச்சா வாங்கிக்கறேன், இன்னொரு கை இருக்குது.

நான் அவன இட்டாந்து காட்டற வரைக்கும் அந்தப் பொட்டு அப்டியே இருக்கணும். யாரையும் தொட உடாதீங்க. உங்கள நம்பிப் போவலாமா மேஸ்திரி?