குதிரையின் தும்மல்

அஜின்கோர்ட்டில் பஸ் ஏறிய இரண்டு பேர் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். தலை நரைத்தவர் சொன்னார்: "ஒரு குதிரை தும்மினதாலைதான் என்ரை சினிமா வாழ்க்கை முடிஞ்சது, தம்பி."

"என்ன அண்ணை சொல்லுறியள்?"

"இஞ்சை வந்து குடியேறின எங்கடை ஆக்கள் எடுத்த கௌபோய் படம். கதாநாயகன் நான்தான். பாட்டெல்லாம் முதலே பாடிக் குடுத்திட்டன். குதிரையிலை ஏறப் போக அது தும்மிச்சுது. ஓடிட்டன். பிறகு கிட்டவும் போகேல்லை."

"படம்?"

"வேறை ஒருத்தனை ஏத்தி எடுத்தவை. என்ரை குரலுக்கு அவன் வாயசைச்சான். இப்பவும் கலியாணங்களிலை தொப்பியோடை வந்து அதைத்தான் செய்யிறான். போன மாசம் என்ரை மகளின்ரை கலியாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டார் அவனைத்தான் பிடிச்சவை."

"உங்கடை குரலெண்டு பிள்ளைக்குத் தெரியாதோ?"

"படத்துக்குப் பிறகு நான் வீட்டிலை பாடினதே இல்லை. குதிரைக்குப் பயந்து ஓடின கதையை எப்பிடிப் பிள்ளைக்குச் சொல்லுறது?"



"அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"முன்வரிசையிலை இருந்து கை தட்டினன். மகள் மேடையிலையிருந்து இறங்கி வந்து, 'அப்பா, வாங்கோ, அந்தப் பாட்டுக்காரரோடை நிண்டு ஒரு படம் எடுப்பம்' எண்டாள்."