விசுவாசச் சோதனை

என் பெயரும் வீட்டு முகவரியும் அதிகாரி மேலே எழுதிக்கொண்டபடி சரியானவை. வயது நாற்பத்து நான்கு. மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கணவர் கப்பலில் இன்ஜினியர், இப்போது கடலில் இருக்கிறார். என்மீது இதற்கு முன் வழக்கு ஏதும் கிடையாது. யாரும் சொல்லிக்கொடுத்து இதைச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் உண்டு, அதையும் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் சபையின் வாலிபர் ஊழியத்தைப் பல வருடங்களாக நான் பொறுப்பெடுத்து நடத்திவந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சபைக் கட்டடத்தின் மாடி ஹாலில் கூடுவோம். வேதபாடம், பாட்டு, கொஞ்சம் விளையாட்டு, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வார்டில் போய் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. அவ்வளவுதான். இருபது பிள்ளைகள் வருவார்கள், சில வாரம் கூடும், சில வாரம் குறையும்.

போன வருடக் கடைசியில் போதகரின் மருமகன் ஏதோ தலைமைப் பயிற்சி முடித்துவிட்டு வந்தார். அடிபட்டவர் இவர்தான். வந்த வாரமே வாலிபர் ஊழியத்தின் இயக்குநராக இவரைப் போதகர் அறிவித்தார். அதுவரை எங்கள் ஊழியத்துக்கு இயக்குநர் என்று ஒருவர் இருந்ததில்லை, இயங்கிக்கொண்டுதான் இருந்தது. மேற்படியார் இருபது பிள்ளைகளுக்கு முன்னால் கன்னத்தில் ஒட்டும் மைக் மாட்டிக்கொண்டு பேசுவார். அந்த ஹாலில் பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டாலே முன்வரிசைக்குக் கேட்கும்.

அதன்பின் வருடத் திட்டம் போட ஒரு கூட்டம் வைத்தார். போதகர், மேற்படியார், நான், பாட்டுக்குழு நடத்தும் டீச்சர், நான்கு பேர். சுவரில் படம் காட்டினார். ஒரு முக்கோணம், அதன்மேல் தீ, அதைச் சுற்றி அம்புக்குறிகள். ஆஸ்பத்திரிக்குப் போவது அதில் இல்லை. கேட்டேன். "அக்கா, அதுல தாக்கம் இல்ல. நாம போர்வீரர்களை உருவாக்கணும்" என்றார். பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பரீட்சை என்றாலே வயிறு கலங்கும் என்று நான் சொன்னதற்கு டீச்சர் சிரித்தார், அவர் சிரிக்கவில்லை. முக்கோணத்தின் உச்சியில் 'விசுவாசச் சோதனை' என்று இருந்தது. அது என்னவென்று கேட்டேன். முன்கூட்டியே சொன்னால் அபிஷேகம் போய்விடும் என்றார். நான் போதகர் முகத்தைப் பார்த்தேன். "ஊழியத்துல தடை சொல்லாதேம்மா, சின்னவங்க செய்யட்டும்" என்றார். சின்னவருக்கு முப்பத்தொரு வயது.

சம்பவம் நடந்த சனிக்கிழமை, வாசலிலேயே எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் போடச் சொன்னார். தேவனோடு மட்டும் பேசும் நாள் என்றார். என் போனையும் போட்டேன். அதன்பின் வேலை இருக்கிறது என்று கீழே போய்விட்டார். நான் வேதபாடக் கேள்வி-பதில் நடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது விளக்குகள் அணைந்தன. கதவை உதைத்துத் திறந்துகொண்டு கறுப்பு முகமூடி போட்ட நாலு ஆண்கள் வந்தார்கள், கையில் துப்பாக்கிகள் இருந்தன. அவை கறுப்புப் பெயின்ட் அடித்த பொம்மைகள் என்பதும், வந்தவர்களில் மூவர் மேற்படியாரின் ஜிம் நண்பர்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். வெளியே யாரோ கதவைத் தாழ் போட்டார்கள். எல்லோரையும் தரையில் உட்காரச் சொன்னார்கள். பிள்ளைகள் அலறினார்கள். ஒரு பையன் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். நானும் பயந்தேன். கைக்கு எட்டிய இரண்டு பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

அதன்பின் அவர்களில் ஒருவர் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, இயேசுவை விசுவாசிக்கிறவர்கள் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும், அவர்களைச் சுடப்போகிறோம், விசுவாசிக்காதவர்கள் கதவைத் தட்டினால் வெளியே விடுவோம் என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அழுதுகொண்டே ஜன்னல் பக்கம் போனார்கள். நானும் போனேன்.

மெக்கானிக்கின் மூத்த மகள் மட்டும் போகவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. தாய் இல்லை. ஐந்து வயதுத் தங்கையைக் கீழே சிறுபிள்ளைகள் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் எழுந்து, "நான் விசுவாசி இல்ல. என்னை விட்டுடுங்க, என் தங்கச்சி கீழ தனியா இருக்கா" என்றாள். அந்த அறையில் அன்று சுயபுத்தியோடு பேசப்பட்ட ஒரே பேச்சு அது என்று நான் கருதுகிறேன். அதிகாரி இதை எழுத வேண்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

அவள் கதவைத் தட்டியவுடன் விளக்குகள் எரிந்தன. குரலைக் கட்டையாக்கியவர் முகமூடியைக் கழற்றினார். உள்ளே அந்தக் கன்ன மைக் ஒட்டியிருந்தது. சிரித்தார். அவருடைய நண்பர்களில் ஒருவர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் போன்கள்தான் கூடையில் இருந்தன.

அதன்பின் மேற்படியார் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஹாலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னல் பக்கம் நின்றவர்களுக்குக் கைதட்டச் சொன்னார். யாரும் தட்டவில்லை, அவர் மட்டும் தட்டினார். பிறகு, "இவங்களுக்காக எல்லாரும் கண்ணை மூடுங்க. ஒரு நிமிஷத்துல ஆண்டவரை வித்துட்டாங்க" என்று மைக்கில் சொன்னார். அவள் அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கமிருந்து போய், அவளை விடுங்கள், முதலில் படம் பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். மேற்படியார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "ஃப்ளோவைக் கெடுக்காதீங்கக்கா" என்றார்.

அதன்பின் பாட்டுத் தாள் வைக்கும் இரும்பு ஸ்டாண்டால் அவர் முகத்தில் ஒரு முறை அடித்தேன். மூக்கெலும்பு முறிந்ததாக டாக்டர் சான்று சொல்கிறது. எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர் விழுந்து கத்தியதும் அந்த மைக்கில்தான், ஹால் முழுக்கக் கேட்டது. ஜிம் நண்பர்கள் மூவரும் கதவைத் தட்டித் திறக்கவைத்து மாடிப்படி வழியாக ஓடினார்கள்.

சத்தம் கேட்டுப் போதகர் வந்தார். மருமகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நனைந்த கால்சட்டையோடு நின்ற பையனைப் பார்க்கவில்லை. "இது நம்ம வீட்டுக்குள்ள முடிய வேண்டிய விஷயம்" என்றார். ஆனால் மருமகன் அதற்குள் கூடையிலிருந்து யாருடைய போனையோ எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டிருந்தார்.

போலீஸ் வருவதற்குள் நான் கீழே போனேன். அந்தப் பெண் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் அப்பாவுக்காக நின்றாள். "அக்கா, நான் மறுதலிச்சுட்டேனா?" என்று கேட்டாள். "உன்கிட்ட கேட்டது பொம்மைத் துப்பாக்கி. அதுக்கு எந்தப் பதிலும் சேராது" என்றேன். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியாது. மெக்கானிக் வந்து இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மறுவாரத்திலிருந்து அவர்கள் யாரும் சபைக்கு வருவதில்லை. நானும் போவதில்லை. மேற்படியார் மூக்கில் கட்டோடு பிரசங்க மேடையில் சாட்சி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். துன்பம் அனுபவித்தாராம்.

என் தம்பி வக்கீல். முகமூடி போட்டிருந்தபோதே திருடன் என்று நினைத்து அடித்தேன் என்று சொன்னால் வழக்கு நிற்காது என்று அவன் சொன்னான். ஹாலில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படியே வாக்குமூலம் கொடுத்திருப்பதாக அதிகாரி சொல்லி அறிந்தேன். பொய்ச்சாட்சி கூடாதென்று அவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அவர்கள் சொன்னது சரியல்ல. நான் அடித்தபோது முகமூடி அவர் கையில் இருந்தது. யாரை அடிக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வாக்குமூலத்தை அதிகாரி எனக்கு முழுதாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, ஒரு இடம் தவிர. அடித்த இடத்தில் 'திடீர் ஆத்திரத்தில்' என்று என் நன்மைக்காக அவராகவே சேர்த்திருந்தார். அதை அடித்துவிடச் சொன்னேன், அடித்துவிட்டார். ஸ்டாண்ட் ஹாலின் மறுகோடியில் இருந்தது. அதுவரை நடந்துபோய், அதிலிருந்த பாட்டுத் தாள்களை எடுத்துப் பியானோ மூடிமேல் கலையாமல் வைத்துவிட்டு, பிறகுதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மற்றவை அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)