மிச்சம் முப்பத்துநாலு நிமிடம்

மருதப்பன்: ...பஸ் வரல ரத்தினம். வேற என்ன சொல்லச் சொல்ற?

ரத்தினம்மா: பஸ் ஸ்ட்ரைக்கெல்லாம் போன வருஷத்தோட முடிஞ்சது. அதுவும் செவ்வாயும் வியாழனும் மட்டும் எப்படி வராமப் போகும்? உக்காருங்க, கணக்குப் போடலாம்.

மருதப்பன்: கணக்கா? பசிக்குது...

ரத்தினம்மா: சோறு எங்கயும் போகாது. உங்க ஸ்கூல் லேப் ஆறு மணிக்குப் பூட்டுறாங்க. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கப் பத்து நிமிஷம், முன்னப் பின்ன ரெண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்க எட்டு, முன்னப் பின்ன அஞ்சு. பஸ்ல இருபது... அதுல முன்னப் பின்ன நாலு. தேக்காவுல எறங்கி வீட்டுக்கு ஆறு, அதுல ஒண்ணு.

மருதப்பன்: மொத்தம் நாப்பத்தி நாலு.

ரத்தினம்மா: அந்த முன்னப் பின்ன வர்ற பிழை? ரெண்டு, அஞ்சு, நாலு, ஒண்ணு... பன்னெண்டு. எல்லாமே கெட்டுப்போனாலும் ஆறு அம்பத்தாறுக்கு வந்திருக்கணும். வந்தது ஏழு இருபத்தஞ்சு. மிச்சம் இருபத்தொம்போது நிமிஷம் எங்க இருந்தீங்க?

மருதப்பன்: பிழைய அப்படி நேராக் கூட்டக் கூடாது லா.

ரத்தினம்மா: ஏனாம்?

மருதப்பன்: நடையும் லேட்டு, பஸ்ஸும் லேட்டுன்னு எல்லாம் ஒரே நாள்ல சேந்து வராது. ஒண்ணு கூடினா ஒண்ணு கொறையும். ஒவ்வொண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும். நாலு, இருபத்தஞ்சு, பதினாறு, ஒண்ணு... நாப்பத்தாறு. அதுக்கு மூலம்... ஏழுன்னு வச்சிக்க.

ரத்தினம்மா: வெறும் ஏழா?

மருதப்பன்: ஏழுதான். பன்னெண்டுங்கறது ரொம்பத் தாராளம்.

ரத்தினம்மா: சரி. அப்ப முப்பத்தி நாலு நிமிஷம் எங்க இருந்தீங்க? நான் பாவம் பாத்து விட்ட அஞ்சையும் நீங்களே வெட்டிட்டீங்க. சொல்லுங்க. மிஸ் யோகத்தோடதானே?

மருதப்பன்: அவங்க எங்கூட வேல பாக்கற டீச்சர், ரத்தினம்.

ரத்தினம்மா: அன்னிக்கு இங்க சாப்பிட வந்தாங்களே. ஊசல் கணக்குல நூல் நீளத்தோட பிழை ஒரு பங்கு, நேரத்தோட பிழை ரெண்டு பங்குன்னு ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சிரிச்சீங்க. நான் ரசக் கரண்டியோட நின்னேன். எனக்கு வயிறு எரிஞ்சுது. இன்னிக்கும் எரியுது.

மருதப்பன்: அதுல என்ன இருக்கு... நேரம் வந்து...

ரத்தினம்மா: வர்க்கத்துல வருது, அதனால பிழை ரெட்டிப்பு. தெரியும்.

மருதப்பன்: எப்படித் தெரியும்? ...பிழையக் கூட்டவும் தெரியுது. யாரு சொல்லிக் குடுத்தா?

ரத்தினம்மா: உங்க நோட்டுல பாத்தேன்.

மருதப்பன்: என் நோட்டு பூரா இங்கிலீஷ். சொல்லு.

ரத்தினம்மா: வாசகசாலை மாடியில வேலாயுதம் சார் சயின்ஸ் வகுப்பு எடுக்கறாரு. செவ்வாய், வியாழன். ஆறரைக்கு முடிஞ்சிடும். நீங்க வர்றதுக்குள்ள ஓடி வந்திடுவேன்.

மருதப்பன்: எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லித் தந்திருப்பேனே.

ரத்தினம்மா: உங்ககிட்ட கேட்டா நானும் உங்க ஸ்கூல் பிள்ளைங்கள்ல ஒருத்தி. எனக்கு அது வேணாம். மிஸ் யோகம் உக்காந்த நாற்காலியில உக்காந்து, அவங்க பேசின மாதிரி உங்ககூடப் பேசணும்.

மருதப்பன்: அந்த வேலாயுதம்... கல்யாணம் ஆனவனா?

ரத்தினம்மா: பேச்ச மாத்தாதீங்க. நான் மறைச்சதச் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க.

மருதப்பன்: மிஸ் யோகம் அஞ்சு மணிக்கே அவங்க அப்பா கார்ல போயிடுவாங்க. நான்... அந்த ரெண்டு நாளும் லேப் பூட்டறதுக்கு முன்னாலயே கெளம்பி வந்து, வாசகசாலைக்கு எதிர்க் கோப்பிக் கடையில, தூணுக்குப் பின்னால நிக்கறேன். மூணு வாரமா. நீ அந்த ஆளோட சிரிச்சிக்கிட்டே மாடிப்படி எறங்கி வர்றதப் பாக்கறேன். பாத்தப்புறம், நேரா வீட்டுக்கு வர மனசு வரல.