கோமோலோ கரைச் சைரன்

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி இருக்கும். போண்டோ ஊரிலிருந்து, கடல் மாதிரிப் பெரிய ஏரிக்குப் போகிற மண்சாலை. நிலா இல்லை. முன்னால் விழுகிற வண்டி வெளிச்சம்... அதைத் தவிர எங்கேயும் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

அவள் பெயர் அடோயோ. என்னோடு படித்த ஒருவனுடைய அக்கா. சட்டைப் பைக்குள் அவளுடைய செல்போன் அடித்துக்கொண்டே வந்தது. டிங்... கொஞ்சம் இடைவெளி... டிங். வண்டியை நிறுத்தி எடுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் சிக்னலே கிடையாது, திரையிலும் ஒரு கோடுகூட இல்லை. கையில் வைத்திருக்கும்போதே மறுபடியும்... டிங்.

'புதிய அப்டேட் வெளியானது. எல்லாச் சோதனைகளும் தேறின. அனுப்பியவர்: ஒகாலோ.'

ஒகாலோ செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஏரிக்கரை நகரமான கிசுமுவில் சப்பாத்திக் கடைக்கு மேலே ஒரே அறை. அதுதான் அவர்கள் கம்பெனி. அடோயோ, ஒகாலோ, கயெம்பா... மொத்தமே மூன்று பேர். நிலவில்லாத ராத்திரிகளில் விளக்கு வைத்து ஒமெனாப் பொடிமீன் பிடிக்கப் போகிறவர்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுப்பது தொழில். கரைக்குக் கரை ஒரு கம்பம். உச்சியில் காற்றளக்கிற கருவி, அடியில் ஒரு பெட்டி. காற்று வெறிபிடித்து வருவது தெரிந்தால் சைரன் அலறும். படகுகள் திரும்பிவிடும்.

கம்பெனியைக் கட்டி எழுப்பியது ஒகாலோதான். யாராவது நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும். இயந்திரமே அதைச் சோதிக்கும், தேறினால் இயந்திரமே எல்லாக் கரைப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிடும். டெவ்ஆப்ஸ் என்று அதற்குப் பெரிய பெயர் சொல்வான்.

"மூணே பேரு இருக்கோம். கரை கரையா அலைஞ்சு எவன் பெட்டியத் தொறக்கிறது? கை படாமப் போகணும்டா. கை பட்டாத்தான் தப்பு வரும்."

"அப்ப நாங்க எதுக்கு?" என்று கேட்டான் கயெம்பா.

"ராத்திரி போன் அலறினா எந்திரிக்க. பின்ன உன் அழகைப் பார்க்கவா வச்சிருக்கேன்?"

அந்த ஒகாலோதான் ஏரி நடுவில் ஒரு பாறைத் தீவில் கருவி மாட்டப் போனான். திரும்புகிறபோது படகு கவிழ்ந்தது. பதினைந்து நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கடைசியில் யாகோ மரத்துக் காயைத் துணியில் சுற்றி, அவன் பேர் சொல்லி, அவன் வீட்டு முற்றத்தில் புதைத்தார்கள். உடல் இல்லாதவனுக்கு அதுதான் முறை. அன்று சாயங்காலமே கயெம்பா கம்பெனி இயந்திரத்தில் ஒகாலோவின் கணக்கை மூடினான். அழுதுகொண்டேதான் மூடினான்.

அந்த டிங் முதல் தடவை வந்தது அதற்கப்புறம்தான். போனை வைத்துக்கொண்டு தூங்கும் முறை அந்த வாரம் அடோயோவுக்கு. நடுராத்திரி டிங் என்றது. ஒகாலோ பெயரில் ஓர் அப்டேட். மாற்றம் ஒரே வரி: கோமோலோ கரையின் சைரனை நிறுத்துகிற வரி. ஏன் மாற்றினோம் என்று குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒகாலோ எப்போதும் ஏதாவது கிண்டல் எழுதுவான். இதில் கிண்டல் இல்லை.

'கோமோலோவுக்கு இன்று வேண்டாம்.'

அடோயோ பழையபடி மாற்றி அனுப்பினாள். சோதனை தேறிப் போய்ச் சேர்ந்தது. ஒரு நிமிஷம்... டிங். அதே வரி. அதே குறிப்பு. திரும்ப மாற்றினாள். திரும்ப வந்தது. விடியும்வரை அப்படியே. காற்று ஓய்ந்து விடிந்தபோது கோமோலோவில் ஒரு படகு திரும்பவில்லை. நான்கு பேர்.

"நீதானே அவன் பேர்ல அனுப்பின?" என்று கயெம்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"எங்கம்மா மேல சத்தியமா இல்ல, அடோயோ. அவன் கணக்கே இல்லை, நீயே பாரு."

பார்த்தாள். இல்லை. எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றினார்கள். இயந்திரத்தையே துடைத்துப் புதிதாக எழுப்பினார்கள். பயந்துபோய் எல்லாக் கரைச் சைரன்களையுமே கழற்றிவிடலாமா என்று பேசினார்கள். கழற்றினால் மற்ற கரைக்காரர்கள் கதி?

அடுத்த அமாவாசைக்கு அடோயோ போண்டோவில் மாமா வீட்டில் இருந்தாள். மறுபடியும் டிங். கோமோலோ. உடனே கயெம்பாவைக் கூப்பிட்டாள்.

"நிறுத்துடா. மொத்தத்தையும் நிறுத்து!"

"நிறுத்திட்டேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வயரையே புடுங்கிட்டேன். இங்க ஒண்ணுமே ஓடல. இருட்டுலதான் நிக்கிறேன்."

அவன் பேசி முடிக்குமுன் அவள் காதருகிலேயே... டிங். எல்லாச் சோதனைகளும் தேறின.

அப்புறம்தான் மாமாவின் வண்டியை எடுத்தாள். கோமோலோ பெட்டியில் ஒரு சிவப்பு விசை உண்டு. எல்லாம் கெட்டுப்போனால் கையாலேயே அழுத்திச் சைரனை ஒலிக்கவைக்க. அதை அழுத்திவிட்டால் போதும். அது ஒன்றுதான் அவள் மனதில்.

கரைக்கு வந்து சேர்ந்தபோது ஏரி அழகாக இருந்ததாம். அதை மட்டும் இன்றும் இரண்டு தடவை சொல்வாள். தண்ணீர்மேல் விளக்குகள்... ஒரு சின்ன ஊரே மிதக்கிற மாதிரி. காற்றில் காயப்போட்ட மீன் வாடை. அதோடு இன்னொரு வாடை, அடிச்சேற்றைக் கிளறிவிட்ட மாதிரி.

கரைத் தலைவர் ரதெங் சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடி வந்தார்.

"யாரும்மா இந்த நேரத்துல?"

"நான்தான் அடோயோ, ஐயா. காத்து வருது. எல்லாரையும் கூப்பிடணும்."

"காத்தா? இலைகூட அசையலையேம்மா."

அவள் பெட்டியைத் திறந்து சிவப்பு விசையை அழுத்தினாள்.

சத்தம் வரவில்லை.

விட்டு அழுத்தினாள். ஒன்றுமில்லை. பெட்டிக்குள் பச்சை விளக்கு எரிகிறது. சைரன் ஒலிக்கிறது என்பதற்கான விளக்கு அது. ஆனால் கம்பத்தின் மேலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. ரதெங் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட்டார். கரைக் குடிசைகளிலிருந்து பெண்கள் ஓடிவந்து கத்தினார்கள். அத்தனை தூரத்துக்கு எது கேட்கும்? அப்போதுதான் முதல் காற்று வந்தது. குளிர்ந்து, கனத்து... முகத்தில் ஈரத்துணியால் அறைந்த மாதிரி.

"அழுத்தும்மா! விடாத!"

அவள் விடவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் கட்டைவிரலில் வைத்து அழுத்தினாள். அந்த நேரத்தில் ரதெங் அவள் தோளைப் பிடித்தார்.

"திரும்புறாங்க. பாரு... விளக்கெல்லாம் திரும்புது!"

உண்மைதான். விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்தன, யாரோ கூப்பிட்ட மாதிரி. அடோயோ அழுகையும் சிரிப்புமாக இன்னும் பலமாக அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரதெங்கின் கை அவள் தோளிலிருந்து மெல்ல இறங்கியது. அவளும் பார்த்துவிட்டாள். விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போயின. கரைக்கு வரவில்லை. நடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

என்ன செய்வாள்? விரலை எடுப்பதா, வைப்பதா? எடுத்தால் என்ன ஆகும், வைத்தால் என்ன ஆகும்... யாருக்குத் தெரியும்? எடுக்கவில்லை. ஒவ்வொன்றாக விளக்கு அணைவதைப் பார்த்துக்கொண்டே, விடிகிறவரை அழுத்திக்கொண்டு நின்றாள். விரலை ரதெங்தான் பிரித்து எடுத்தார்.

காலையில் காற்று நின்றது. படகுகள் தாமாகவே மிதந்து வந்தன. எதுவும் உடையவில்லை. எதிலும் ஒரு வாளித் தண்ணீர்கூட ஏறவில்லை. ஆட்கள்தான் இல்லை. கடைசிப் படகில் மட்டும் ஒருவன் இருந்தான். ஒச்சோலா, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். துடுப்பைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சூடான தேநீரைக் கையில் கொடுத்தார்கள். குடிக்கவில்லை. அடோயோவைப் பார்த்துத்தான் பேசினான்.

"சைரன் கேட்டுச்சு, அக்கா. நல்லா கேட்டுச்சு. சத்தம் வர்ற பக்கம்தானே கரை... அந்தப் பக்கமே துடுப்புப் போட்டோம். நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவள் தன் கட்டைவிரலை மறு கைக்குள் மூடிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றார் ரதெங்.

"படகு ஏதோ பாறையில தட்டி நின்னுச்சு. ஒரே இருட்டு. 'கரை வந்துடுச்சு, ஒவ்வொருத்தரா இறங்குங்க'ன்னு ஒருத்தர் கை குடுத்தார்." அவன் ஏரியைத் திரும்பிப் பார்த்தான். "எங்க அண்ணன்தான் முதல்ல இறங்கினான்."