டார்லினின் கணுக்காலும் கிளாரன்ஸ் வீட்டுப் படிகளும்

மேடையின் நடுவே பெருமிதத்தோடு வீற்றிருக்கும் எங்கள் தபால்காரர் சங்கத் தலைவி லோர்னா ஃப்ரீசன் அவர்களே! நாற்பது பனிக்காலம் தெருத்தெருவாய் நடந்து தேய்ந்து, இன்று முன்வரிசையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்று பெரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக் கை சிவந்து நிற்கும் தாய்மார்களே! அது வெந்து முடியும்வரை வேறு போக்கிடம் இல்லாமல் என் பேச்சுக்குக் காது கொடுக்கும் நண்பர்களே! அனைவருக்கும் இந்த ரஸ்ஸலின் பணிவான வணக்கம்.

என்ன? சுருக்கமாகப் பேசவா? ஐயா, சுருக்கமாகப் பேசத் தெரிந்தவன் மேடை ஏறுவானா?

"நீண்ட விடுப்புக்குப் பின் வேலைக்குத் திரும்புவது எப்படி?" இதுதான் தலைவி எனக்குத் தந்த தலைப்பு. நான் தபால் நிலையத்துக்குள் தெருவாரியாகத் தபால் பிரிக்கிறவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் முகவரியும், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதும்தான். அந்த மூக்கு கண்டுபிடித்த கதையைச் சொல்கிறேன். டார்லின் ரின்சுக் இதோ மூன்றாவது வரிசையில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். முறைப்பது அவள் பழக்கம்.

பதினெட்டு ஆண்டுகள் மேட்டுத்தெருவுக்குத் தபால் சுமந்தவள் டார்லின். சென்ற பிப்ரவரியில் ஒரு வீட்டுப் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஏழு மாதம் வீட்டில் கிடந்தாள். செப்டம்பரில் அவள் திரும்பியபோது மேலாளர் கிளென் ஒரு திட்டம் போட்டார். அடடா, என்ன திட்டம்! முதல் வாரம் இரண்டு மணி நேர நடை, அடுத்த வாரம் மூன்று, ஆறாம் வாரம் முழுத்தெரு. மருத்துவர் கையெழுத்து, இயன்முறை மருத்துவர் கையெழுத்து, பச்சை மஞ்சள் சிவப்பு என்று வண்ணக் கட்டங்கள் வேறு! ஆறாம் வார முடிவில் ஒரு சோதனை நடை. உரிய நேரத்தில் முடித்தால் மேட்டுத்தெரு அவளுக்கு. முடிக்காவிட்டால் தெரு வேறொருவருக்கு. அவளுக்கு ஆயுளுக்கும் அலுவலகத்துக்குள்ளே நாற்காலி வேலை.

"நாற்காலியில உக்கார வச்சீங்கன்னா நான் செத்தே போயிருவேன் ரஸ்ஸல்" என்றாள் என்னிடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

முதல் வாரம் முடிந்தது, வெற்றி. இரண்டாம் வாரம் முடிந்தது, வெற்றி! மூன்றாம் வாரம் முடிந்ததும் கிளென் தாளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் முழுக்கச் சுற்றினார். "பாத்தீங்களா? விழறதுக்கு முன்னாடி நடந்ததைவிட வேகமா நடக்கறா! திட்டம்னா இது திட்டம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு பூச்சி குடைந்தது. முறியாத கால் நடந்ததைவிட, முறிந்து ஒட்டிய கால் வேகமாக நடக்குமா? எப்படி நடக்கும்? ஏன் நடக்கும்? எந்த ஊரில் நடக்கும்? கேள்வி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் ஓய்வு நாளில் மேட்டுத்தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே கண்ட காட்சியை என்ன சொல்ல! தெருவே திரண்டு நிற்கிறது. திருமதி சவாட்ஸ்கி வேலியோரம் கூடையோடு நிற்கிறார். "எங்க பக்கம் எட்டு வீட்டுக்கும் என்கிட்டயே குடுத்துரும்மா, நான் போட்டுர்றேன்!" எதிர்வரிசைக்குக் கிளாரன்ஸ் டாயல், எழுபத்தொன்பது வயது, கைவண்டியோடு நிற்கிறார். "இந்தப் பக்கத்தை எங்கிட்ட விடு. நீ ஒரு படிகூட ஏறக்கூடாது, சொல்லிட்டேன்!" பனியில் சிக்கிய காரைத் தள்ளக் கூப்பிடாமலே நான்கு பேர் ஓடிவரும் ஊரல்லவா இது? அந்த நல்ல மனசே இங்கே வினையாகிவிட்டது. மூன்று வாரமாக டார்லின் சமதளத்தில்தான் நடந்திருக்கிறாள். ஒரு படி ஏறவில்லை! சோதனை நாளில் எல்லாப் படியும் அவள்தானே ஏற வேண்டும்?

என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? ஆசையா வந்து நிக்கறாங்க..." என்று இழுத்தாள். பிறகு உடைத்துச் சொன்னாள். "பொய் எதுக்கு? எனக்கு அதுதான் வசதியா இருந்துச்சு. கால் நல்லாத்தான் இருக்கு. கிளாரன்ஸ் வீட்டுப் படியைப் பாத்தாலே பயமா இருக்கு. அங்கதானே விழுந்தேன்."

கிளாரன்ஸ் காதில் அது விழுந்துவிட்டது. மனிதர் கைவண்டியின் பிடியை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். "அன்னைக்குக் கர்லிங் ஆட்டத்துக்குப் போற அவசரத்துல, பனிக்கட்டி உருகப் படிக்கு உப்புத் தூவ மறந்துட்டேன். அதான் தெரு பூரா நானே போய்ச் சொல்லி ஆள் சேத்தேன். உன் முகத்தைப் பாக்கவே எனக்குக் கூச்சமா இருக்கும்மா."

சபையோரே! வண்ண வண்ணக் கட்டம் போட்ட அந்தத் தாளில் இவளுடைய பயத்துக்கு ஒரு கட்டம் இருந்ததா? இவருடைய குற்ற உணர்வுக்கு ஒரு கட்டம் இருந்ததா? எத்தனை மணி நேரம் என்று கேட்டோம். எத்தனை வீடு என்று கேட்டோம். எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒருவராவது கேட்டோமா? கிளென், தலையாட்டாதீர்கள், நானும்தான் கேட்கவில்லை!

மறுநாள் டார்லினே கிளெனிடம் போய் உண்மையைச் சொன்னாள். நாற்காலிதான் என்று அவர் அப்போதே முடித்திருக்கலாம். அவர் நல்ல மனிதர். திட்டத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு பேனாவை அவளிடமே நீட்டினார். அவள் தன் கையால் எழுதினாள்: "திங்கள்கிழமை. கிளாரன்ஸ் வீட்டுப் படி மட்டும். யாரும் உதவக் கூடாது."

அந்தத் திங்கள்கிழமை வேலியோரம் தெருவே கூடி நின்றது. கிளாரன்ஸ் மேலே, கதவருகே நிற்கிறார். கை தானாக நீள்கிறது. கீழேயிருந்து டார்லின் அதட்டுகிறாள்: "கிளாரன்ஸ்! கையைக் கோட்டுப் பையில போடுங்க!" போட்டுக்கொண்டார். முதல் படி ஏறினாள். இரண்டாம் படி ஏறினாள். நான்காம் படியில் நின்றுவிட்டாள். கைப்பிடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். சவாட்ஸ்கி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து, ஆறு, ஏழு... பன்னிரண்டு! கடிதம் பெட்டிக்குள் விழுந்தது. கிளாரன்ஸ் அழுதார். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

சோதனை நடையில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பழைய டார்லினைவிட ஒன்பது நிமிடம் தாமதம். உரிய நேரத்துக்கு மூன்று நிமிடம் மிச்சம்! கிளென் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மேட்டுத்தெரு மறுபடியும் அவளுடையது.

ஆகவே, திரும்பி வருகிறவருக்குத் திட்டம் போடுங்கள், தவறாமல் போடுங்கள். ஆனால் முதல் வரியை அவரையே எழுதவிடுங்கள். அன்பு காட்டுங்கள், ஆனால் அவர் ஏற வேண்டிய படியை நீங்கள் ஏறிவிடாதீர்கள்.

சென்ற வாரம் கிளாரன்ஸ் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு தபால் பெட்டி வாங்கி வந்து, படிக்குக் கீழே வாசலோரம் நட்டுவைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். டார்லின் பையோடு வந்து நின்று பார்த்தாள்.

"என்ன இது?"

"பனி வரப்போகுதும்மா. நீ இனிமே ஏற வேணாமேன்னு..."

"குழியை மூடுங்க. உப்பை மட்டும் மறக்காமப் போடுங்க. மேல வந்து குடுத்துட்டுப் போறேன்."

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், இன்னும் முறைத்துக்கொண்டிருக்கும் டார்லினுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம், வாருங்கள், சாப்பிடப் போவோம்.