ஏழாம் நம்பர் மெஷினின் சாவி

வேகமாக வேலை பார்க்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். பரோட்டாக் கடைக்குப் போனால்கூட மாவு வீசுகிறவர் கையையே பார்த்துக்கொண்டிருந்து சால்னாவை ஆறவிட்டுவிடுவேன். முத்துசெல்வியை வேலைக்கு எடுத்ததும் அவள் கைக்காகத்தான்.

ஐயா, என் பெயர் நந்தகோபால். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில் மூடிக் கிடக்கிறதே பைக் உதிரிபாகக் கம்பெனி, அதில் பிரெஸ் பிரிவு சூப்பர்வைசராக இருந்தவன். முத்துசெல்வியின் இழப்பீட்டு மனு அடுத்த வாரம் உங்கள் விசாரணைக்கு வருகிறது. விபத்துக்கு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று கோப்பில் ஓர் அறிக்கை இருக்கும். அதை எழுதியவன் நான்.

அந்தக் கரிசல் காட்டுக்குக் கம்பெனி வந்ததே அரசாங்கத்தால்தான். நிலம் கொடுத்தார்கள், கரண்டில் சலுகை கொடுத்தார்கள், முந்நூறு உள்ளூர்க்காரர்களுக்கு வேலை தர வேண்டும் என்றார்கள். நாங்கள் செய்தது சைலன்சரைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பு. பேட்டரி வண்டிக்கு ஏது சைலன்சர்? ஆர்டர் குறையக் குறைய முந்நூறு பேர் தொண்ணூறு ஆனார்கள். பிறகு, பேட்டரி வண்டி பாகங்களுக்கு மாறுகிற கம்பெனிகளுக்கு மானியம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு மூன்று மாதம் உற்பத்தி குறையாமல் காட்ட வேண்டும். "தொண்ணூறு குடும்பம் உங்க கையிலதான் இருக்கு" என்றார் மேனேஜர். நான் அதை அப்படியே நம்பிக்கொண்டேன்.

முத்துசெல்வி பன்னிரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்தவள். ஒரு பிடி அள்ளினால் எண்ணாமலே ஐம்பது குச்சி இருக்கும். வலது கை நிறைந்த பெட்டியைத் தள்ளும்போதே இடது கை காலிப் பெட்டியை இழுத்திருக்கும். ஒரு கை இன்னொரு கைக்குக் காத்திருக்காது. தகட்டை அழுத்தி வளைக்கிற பிரெஸ் மெஷினில் காத்திருக்க வேண்டும். மேலிருக்கும் அச்சு இறங்கி ஏறிய பிறகுதான் கை உள்ளே போகலாம். முந்திப் போனால் சென்சார் கண்டுபிடித்துவிடும். சிவப்பு லைட் எரிந்து மெஷின் நின்றுவிடும். அவளுக்கு நிமிஷத்துக்கொரு தடவை நின்றது.

"அண்ணாச்சி, இந்தச் செவப்பு லைட்டு என்னைய வேல பாக்க விடமாட்டக்கு" என்று சிரித்தாள்.

சென்சாரை அணைக்கும் சாவி என்னிடம் இருந்தது. பழுது பார்க்கும்போது மட்டும் திருப்ப வேண்டிய சாவி. திருப்பினேன். முதலில் கேட்டது அவள்தான் என்பதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். அன்று ஏழாம் நம்பர் மெஷின் ஒன்றரை மடங்கு அடித்தது. அச்சுக்கு அடியில் அவள் கை போய் வருவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டரை மாதம் ஒன்றும் ஆகவில்லை. பங்குனியில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் அண்ணாச்சி. ரெண்டு நாளா தூங்கல. கை தடுமாறுது. இன்னைக்கு மட்டும் அந்த லைட்டப் போட்டு விடுங்களேன்."

இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். இன்னும் நாலாயிரம் கிளாம்பு அடித்தாக வேண்டும். "சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோ தாயி" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றே கால் மணிக்கு அவள் அலறினாள். பக்கத்து மெஷினிலிருந்த சுந்தரேஸ்வரி ஓடிவந்து மெஷினை நிறுத்தினாள். அச்சு முத்துசெல்வியின் வலது கைமேல் நின்றது. எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் மெஷினின் பின்பக்கம் போய் சாவியைத் திருப்பி சென்சாரைப் போட்டேன். சிவப்பு லைட் எரிந்தது.

அச்சு மேலே ஏற வேண்டுமென்றால் மெஷின் ஓட வேண்டும். கை குறுக்கே இருக்கும்வரை சென்சார் அதை ஓட விடாது. இது எனக்குத் தெரியும். சாவியை மறுபடி திருப்பியிருந்தால் ஒரு நிமிஷத்தில் கையை எடுத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மெக்கானிக் சோலைராஜ் போல்ட்டுகளைக் கழற்றி அச்சைத் தூக்க இருபது நிமிஷம் ஆனது. அதுவரை அவள் தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்திருந்தேன். சாவி அவள் தலை சாய்ந்திருந்த சட்டைப் பையில்தான் இருந்தது.

மறுநாள் வந்த அதிகாரிகள் சென்சார் சரியாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டார்கள். மானியமும் வந்தது. எட்டே மாதத்தில், அதிகச் சலுகை தருகிற வேறொரு மாநிலத்துக்குக் கம்பெனி போய்விட்டது. தொண்ணூறு பேரில் மேனேஜர் கூட்டிவந்தது என்னை மட்டும்தான்.

செய்தது பாவம் என்று தெரிகிறது. சோற்றில் கை வைக்க முடியவில்லை, ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன். அவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு என்ன தண்டனை தந்தாலும் சரி. ஆனால் நான் திருந்திவிட்டேன் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே இருபது மெஷின்கள் ஓடுகின்றன. நான் சாவியைத் திருப்பி வைத்திருப்பது இரண்டில் மட்டும்தான். அதுவும் காலையில், நன்றாகத் தூங்கினீர்களா என்று அவற்றில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்ட பிறகுதான்.